இரண்டு அரசிகள், இரண்டு தப்பிப்புகள்: பிராங்கு நாட்டுக் காலப்பயணக் காதல் கதைக்காக ஓர் ஒப்பாய்வு

காலப்பயணக் காதல் கதைகளுக்குப் பழகிய அச்சு ஒன்று உண்டு. நம் காலத்து ஆள் ஒருவர் பழங்காலத்தில் போய் விழுவார். அங்கே ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுப்பார். அந்தக் காலத்தின் கொடுமையிலிருந்து அவரைக் காப்பாற்றுவார், அல்லது காப்பாற்றப் போய்த் தோற்பார். டயானா கபல்டானின் ‘அவுட்லாண்டர்’ 1991இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய செவிலி ஒருத்தி அதில் 1743ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்கிறாள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1889இல், மார்க் ட்வெய்ன் ஓர் அமெரிக்கரை ஆர்தர் மன்னனின் ஆறாம் நூற்றாண்டுக்கு அனுப்பிவிட்டார். எல். ஸ்பிரேக் டி கேம்ப் தன் நாயகனை 535ஆம் ஆண்டு ரோமாபுரியில் இறக்கிவிட்டார். போகிறவர் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் தமக்குத் தெரிந்ததை வைத்துப் பழையதைத் திருத்தப் பார்க்கிறார்கள்.

அந்த 535க்கு நான்கே ஆண்டுகள் முன்னால், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, பிராங்கு அரசன் ஒருவன் பத்துப் பதினோரு வயதுச் சிறுமியைப் போர்க்கொள்ளையில் தன் பங்காக எடுத்துக்கொண்டு போனான். அவர் பெயர் ராடெகுண்ட். மூன்று நூற்றாண்டு கழித்து, அதே பிராங்கு நாட்டில், ஜூடித் என்ற இளம் விதவை தன் தந்தையான அரசனின் காவலிலிருந்து மாறுவேடத்தில் வெளியேறி, தான் விரும்பியவனோடு போனார். முன்னவர் அரசனிடமிருந்து தப்பி இறைவனிடம் போனார், பின்னவர் அரசனிடமிருந்து தப்பிக் காதலனிடம் போனார். பிராங்கு நாட்டுக்குக் காலப்பயணக் காதல் கதையைக் கொண்டுபோக நினைப்பவர் இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இவர்களைக் காப்பாற்ற எதிர்காலத்திலிருந்து யாரும் வரவில்லை. தங்கள் காலம் எந்த வாசலைத் திறந்து வைத்திருந்ததோ அதைத் தாங்களே கண்டுபிடித்து, தங்கள் காலாலேயே நடந்து வெளியேறினார்கள். இதை மறந்து எழுதப்படும் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பெண்கள் செய்த காரியத்தைப் பறித்து இன்னொருவர் கையில் கொடுத்துவிடும்.

கொள்ளையாக ஒரு மணம், உடன்படிக்கையாக ஒரு மணம்

ராடெகுண்ட் துரிஞ்சிய அரசகுமாரி. அவருடைய தந்தை பெர்த்தாரைக் கொன்றவன் தந்தையின் சொந்த உடன்பிறந்தவன் ஹெர்மன்ஃபிரிட். அந்த ஹெர்மன்ஃபிரிட்டின் வீட்டிலேதான் வளர்ந்தார். 531இல் பிராங்கு அரசர்கள் உன்ஸ்ட்ரூட் ஆற்றங்கரையில் துரிஞ்சியரை நொறுக்கியபோது சிறுமியும் அவருடைய தம்பியும் கைதானார்கள். அந்த அரசர்களில் ஒருவனான குளோத்தார் அவரை வடபிரான்சில் அத்தி என்னும் தன் பண்ணை மாளிகையில் வைத்து வளர்த்தான். படிக்க வைத்தான். 540ஐ ஒட்டி மணந்துகொண்டான்.

குளோத்தார் எப்படிப்பட்ட கணவன் என்பதற்குத் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி போதும். அவனுடைய மனைவி இங்குண்ட், தன் தங்கை அரெகுண்டுக்கு நல்ல மாப்பிள்ளை பார்த்துத் தரும்படி அவனைக் கேட்டாள். அவன் போய்ப் பார்த்தான். தன்னைவிடச் சிறந்த மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று திரும்பி வந்து சொல்லி, தங்கையையும் தானே மணந்துகொண்டான். இந்த அரெகுண்டின் கல்லறை 1959இல் பாரிஸுக்கு வடக்கே சாந்தெனி தேவாலயத்தின் அடியில் கிடைத்தது. விரலில் பெயர் பொறித்த மோதிரம், உடம்பில் ஊதா நிறப் பட்டு, கார்னெட் கற்கள் பதித்த அணிகள். அக்காலப் பிராங்கு நகைகளில் உள்ள செந்நிறக் கார்னெட்டுகள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ராடெகுண்ட் பின்னாளில் கழற்றிப் பலிபீடத்தில் வைத்துவிட்டுப் போன நகைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையாகவே இருந்திருக்கும்.

ஜூடித்தின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. அவர் வழுக்கை சார்லஸ் எனப்பட்ட மேற்குப் பிராங்கு அரசனின் மகள், சார்லமேனின் கொள்ளுப்பேத்தி. வெசெக்ஸ் அரசன் எத்தெல்வுல்ஃப் ரோமாபுரிக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில், 856 அக்டோபர் 1 அன்று, வெர்பெரி அரண்மனையில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வயது. மணமகன் அவருடைய தந்தையைவிட மூத்தவன், வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பன். வைக்கிங் படகுகள் ஆண்டுதோறும் ஆற்றில் ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது. 845இல் பாரிஸைக் காப்பாற்ற சார்லஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்திருந்தான். கடலின் இரு கரையிலும் ஒரே எதிரியைக் கொண்ட இரண்டு அரசர்கள் இந்த மணத்தின் மூலம் உறவானார்கள். ரைம்ஸ் பேராயர் ஹிங்க்மார் சிறுமியின் தலையில் எண்ணெய் பூசி முடிசூட்டினார். அந்தச் சடங்குக்கு அவர் எழுதிய முறை இன்றும் இருக்கிறது.

ஒன்று கொள்ளை, மற்றது உடன்படிக்கை. சடங்கும் சாட்சியும் மூன்று நூற்றாண்டில் மாறியிருந்தன. ஆனால் இரண்டு திருமணத்திலும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. வரப்போகும் பயணி முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். அந்தச் சுவர் இந்த இரண்டு காலத்துக்கும் பொது.

தொட்டால் பதினைந்து பொற்காசு

காதல் கதை எழுதுகிறவர் தொடுகையில் தொடங்குவார். கூட்டத்தில் ஒரு கை இன்னொரு கையைப் பற்றும். பிராங்கு நாட்டில் அதற்கு விலை எழுதி வைத்திருந்தார்கள். சாலிக் சட்டத்தின்படி, சுதந்திரப் பெண்ணின் கையையோ விரலையோ பற்றிய ஆணுக்கு 15 பொற்காசு அபராதம். முன்கையைப் பிடித்தால் 30. முழங்கைக்கு மேலே போனால் 35. சுதந்திரப் பிராங்கு ஆண் ஒருவனைக் கொன்றதற்கு ஈடு 200 பொற்காசு, பிள்ளை பெறும் வயதுப் பெண்ணைக் கொன்றதற்கு 600.

இந்த எண்களைப் பார்த்ததும் பெண்ணை இவ்வளவு மதித்தார்களே என்று தோன்றலாம். அபராதம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் தெளிவு பிறக்கும். சட்டம் காத்தது குலத்தின் உடைமையை, குலத்துக்கு அவள் பெறப்போகும் பிள்ளைகளை. ஆகவேதான் பிள்ளை பெறும் வயது கடந்ததும் அவளுக்குரிய ஈடு மறுபடி 200க்கு இறங்கியது. சார்லமேன் காலத்தில் இந்தச் சட்டத்தைத் திருத்திப் படியெடுத்தார்கள். எனவே ராடெகுண்டின் காலத்தைப் போலவே ஜூடித்தின் காலத்திலும் இது செல்லுபடியான சட்டம்.

நம் காலத்துக் காதலன் ஒருவன் அங்கே போய் ஒரு பெண்ணின் கையைப் பற்றினால், அவன் மனத்தில் இருப்பது அன்பு. சுற்றி நிற்பவர்கள் கண்ணில் படுவது திருட்டு. அந்தப் பெண் எதைப் பார்ப்பாள் என்பதுதான் நாவலாசிரியர் தேடிப் பிடிக்க வேண்டியது. காலத்தூரம் என்று நாம் சொல்வது உடையிலும் வாளிலும் அல்ல, இங்கேதான் இருக்கிறது.

வாசல்

550ஐ ஒட்டி குளோத்தார் ராடெகுண்டின் தம்பியைக் கொல்லச் செய்தான். அந்த அரண்மனையில் அவருக்கு எஞ்சியிருந்த ஒரே ரத்த உறவு அவன். அதன் பிறகு அவர் அங்கே தங்கவில்லை. நுவயோன் ஆயர் மெதாரிடம் போய்த் தனக்குத் துறவாடை கொடுக்கும்படி கேட்டார். ஆயர் தயங்கினார். அரசனின் ஆட்கள் கோயிலுக்குள்ளேயே வந்து, அரசன் மனைவிக்கு முக்காடு போடாதே என்று அவரைப் பலிபீடத்திலிருந்து இழுத்தார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ராடெகுண்டின் நண்பரான கவிஞர் ஃபோர்த்துனாத்துஸ். அடுத்து நடந்ததையும் அவரே சொல்கிறார். ராடெகுண்ட் பொருள் வைக்கும் அறைக்குள் போய்த் துறவாடையைத் தானே உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். பலிபீடத்தின் முன் நின்று, கடவுளைவிட மனிதனுக்கு அஞ்சினால் இந்த ஆட்டுக்கு நீர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஆயரிடம் பேசினார். ஆயர் பணிந்தார்.

இந்தக் காட்சியில் எதிர்காலத்து வீரன் ஒருவனுக்கு வேலையே இல்லை. உடையை மாற்றியவர், பேசியவர், ஆயரின் பயத்தைத் திருப்பி அவர் மீதே வைத்தவர் எல்லாம் ஒரே பெண்.

பின்னர் குளோத்தார் அவரை மீட்டுக்கொண்டு போகத் தூர் நகரம் வரை வந்தான். ராடெகுண்ட் பாரிஸ் ஆயர் ஜெர்மானுஸுக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மானுஸ் புனித மார்ட்டின் கல்லறைக்கு முன் அரசன் காலில் விழுந்து தடுத்தார். இதை நமக்குச் சொல்பவர் பவுதோனிவியா, ராடெகுண்டின் மடத்துக் கன்னியாஸ்திரீ. புவாத்தியே நகரில் அந்த மடத்தைக் கட்டுவதற்கு ஆணையும் அரசனிடமிருந்தே வந்தது. தன்னை விட்டுப் போன மனைவிக்கு அவனே சுவர் எழுப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜூடித்தின் தப்பிப்பு இதற்கு நேர்மாறான திசையில் நடந்தது. எத்தெல்வுல்ஃப் 858இல் இறந்தான். ஜூடித்தை அவனுடைய மகன் எத்தெல்பால்ட் மணந்துகொண்டான். அவனும் 860இல் இறந்தான். பதினாறு பதினேழு வயதுக்குள் இருமுறை விதவையான ஜூடித், இங்கிலாந்தில் தனக்கிருந்த சொத்துகளை விற்றுவிட்டுத் தந்தையிடம் திரும்பினார். சார்லஸ் அவரை சான்லிஸ் நகரில் ஆயர் காவலில் வைத்தான். அடுத்த உடன்படிக்கைக்கு மகள் தேவைப்படலாம் அல்லவா? 861–862 குளிர்காலத்தில் ஜூடித் அங்கிருந்து வெளியேறினார். பால்டுவின் என்ற கோமானோடு மாறுவேடத்தில் போனார் என்றும், அவருடைய உடன்பிறந்தவன் லூயி இதற்கு உடந்தை என்றும் செயின்ட் பெர்தான் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன.

சார்லஸ் ஆயர்களைக் கூட்டி இருவரையும் திருச்சபையிலிருந்து விலக்கச் செய்தான். இருவரும் அண்டை அரசன் இரண்டாம் லோத்தாரின் நாட்டில் ஒதுங்கிவிட்டு, பின் ரோமாபுரிக்குப் போய் முதலாம் நிக்கோலஸ் பாப்பரசரிடம் முறையிட்டார்கள். அவர் 862 நவம்பரில் சார்லஸுக்கு எழுதினார். பால்டுவினை விரட்டினால் அவன் வைக்கிங்குகளோடு சேர்ந்துவிடுவான் என்ற கவலையும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. 863இல் ஓசேர் நகரில் முறைப்படி திருமணம் நடந்தது. பெண்ணின் தந்தை வரவில்லை. பால்டுவினுக்கு வடக்கே கிடைத்த நிலப்பகுதியிலிருந்தே ஃபிளாண்டர்ஸ் கோமரபு தோன்றியது.

மெதாரின் பலிபீடமும் நிக்கோலஸின் கடிதமும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. இரண்டு பெண்களுக்கும் திருச்சபைதான் வழி. வேறுபாடு எதில் என்றால், ஆறாம் நூற்றாண்டில் பெண் தன் விருப்பத்தைச் சொல்ல ஒரே மொழி துறவு. ஒன்பதாம் நூற்றாண்டில் திருமணத்துக்குள்ளேயே விருப்பத்தைப் பேச ஓர் இடம் உருவாகத் தொடங்கியிருந்தது. இதே நிக்கோலஸ் 866இல் பல்கேரியருக்கு எழுதிய பதில்களில், மணமாகிறவர்களின் சம்மதமே திருமணத்துக்குப் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் இதை வைத்து நிக்கோலஸைக் காதலர்களின் காவலர் ஆக்கிவிடக் கூடாது. ஜூடித் திருமணம் செய்த அதே 863இல், நிக்கோலஸ் லோத்தாரின் மணவிலக்கை ரத்து செய்தார். லோத்தாருக்கு இளமையிலிருந்தே பழக்கமான வல்திராதாவோடு வாழ ஆசை. மணந்த மனைவி தெயுத்பெர்காவைத் தள்ளிவைக்க அவள் மீது கொடும் பழி சுமத்தினான். அவள் சார்பாக ஒருவன் கொதிநீரில் கைவிட்டு அந்தப் பழியைப் பொய்யாக்கினான். கடைசியில் தெயுத்பெர்காவே சலித்துப்போய்த் தன்னை விடுவிக்கும்படி கேட்டபோதும் பாப்பரசர் மறுத்தார். ஜூடித்துக்குத் திறந்த வாசல் வல்திராதாவுக்கும் தெயுத்பெர்காவுக்கும் மூடியே இருந்தது.

அரசகுலம் அல்லாதவர்களுக்கு நிலைமை இன்னும் கொடிது. ராடெகுண்ட் புவாத்தியே மடத்தில் இருந்த காலத்திலேயே, ரௌகிங் என்ற கோமானின் அடிமைகள் இருவர் ஒருவரை ஒருவர் விரும்பிக் கோயிலில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை ஒருபோதும் பிரிக்கமாட்டேன் என்று ரௌகிங் பாதிரியாரிடம் சத்தியம் செய்து அழைத்துப் போனான். பிறகு மரத்தை வெட்டிக் குடைந்து, இருவரையும் ஒன்றாக அதற்குள் வைத்து உயிரோடு புதைத்தான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றான். பாதிரியார் ஓடிவந்து தோண்டச் செய்தார். பையன் பிழைத்தான். பெண் மூச்சடைத்து இறந்துவிட்டாள். கிரெகோரி இதை எழுதி வைத்திருக்கிறார். பிராங்கு நாட்டுக் காதலைப் பற்றி எழுதப் போகும் யாரும் இந்தப் பெயரில்லாத பெண்ணைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

சொல் உள்ளவர், சொல் இல்லாதவர்

இருவருக்கும் நடுவே பெரிய வேறுபாடு ஆவணத்தில் இருக்கிறது. ராடெகுண்டைப் பற்றி அவரை அறிந்த இருவர் வாழ்க்கை வரலாறு எழுதினார்கள். அவர் குரலிலேயே அமைந்த ஒரு நெடுங்கவிதையும் உண்டு. ஃபோர்த்துனாத்துஸின் கவிதைகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தாலும், அதில் ராடெகுண்டின் கை எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சிறுவயதில் பிரிந்து கான்ஸ்டான்டிநோபிளில் வாழ்ந்த ஒன்றுவிட்ட சகோதரன் அமல்ஃபிரிடுக்கு எழுதப்பட்டது அது. எரிந்த ஊர், கொல்லப்பட்ட தம்பி, கடிதம் எழுதாமல் இருந்துவிட்ட உறவு என்று எல்லாம் அதில் வந்து சேர்கின்றன.

கவிஞருடனான நட்பும் ஆவணத்தில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த ஃபோர்த்துனாத்துஸ் 567ஐ ஒட்டிப் புவாத்தியேயில் தங்கிவிட்டார். ராடெகுண்டுக்கு ஊதாப்பூக்களைக் கவிதையோடு அனுப்பினார். தன் கையால் முடைந்த கூடையில் கஷ்கொட்டைகள் அனுப்பினார். மடத்திலிருந்து அவருக்கு முட்டையும் பிளம் பழமும் வந்தன. அதற்கும் கவிதையில் நன்றி எழுதினார். மடத்துத் தலைவி ஆக்னஸிடம் தனக்குள்ள அன்பு தங்கையிடம் உள்ள அன்பே என்று அவர் எழுத வேண்டி வந்தது. ஊர் வாய் அன்றும் சும்மா இருக்கவில்லை என்பது தெரிகிறது. 569இல் கிழக்குப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டின் சிலுவைத் துண்டு ஒன்றை ராடெகுண்டுக்கு அனுப்பினான். அதற்காக ஃபோர்த்துனாத்துஸ் எழுதிய பாடல்களைக் கத்தோலிக்கர்கள் இன்றும் புனித வாரத்தில் பாடுகிறார்கள். ராடெகுண்டுடையது என்று மரபு சொல்லும் சிறிய மரப் படிப்புப்பலகை ஒன்றும் அந்த மடத்தார் வசம் இன்றுவரை இருக்கிறது.

ஜூடித்தின் சொல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுக்குறிப்பில் சில வரிகள், பாப்பரசரின் கடிதங்கள், ஹிங்க்மாரின் எரிச்சல், அவ்வளவுதான். சான்லிஸில் அவர் என்ன நினைத்தார், பால்டுவினை எப்போது பார்த்தார், முதலில் பேசியது யார் என்று எந்த ஆணும் எழுதி வைக்கவில்லை. செயல் மட்டும் நிற்கிறது.

கதைக்கு இடம் எங்கே?

ராடெகுண்டின் வாழ்க்கைக்குள் ஒரு காலப்பயணக் காதலனைக் கொண்டுவருவது தவறு என்றே சொல்வேன். அவர் எதை விட்டுப் போனார், எதைத் தேடினார், யாரை நினைத்து ஏங்கினார் என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. அதன் மேல் நம் காலத்து ஆணின் காதலை ஏற்றினால், துறவைத் தோல்வியாகவும், தோட்டமும் நூலும் நட்பும் நிறைந்த அந்த மடத்தைச் சிறையாகவும் காட்ட வேண்டி வரும். அந்த மடத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது விதி. ராடெகுண்ட் இறந்த 587இல் ஏறக்குறைய இருநூறு பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தச் சுவர்தான் பாதுகாப்பு.

ஜூடித்தின் கதையில் உண்மையான காதலும், உண்மையான மௌனமும், உண்மையான ஆபத்தும் இருக்கின்றன. ஆகவே என் தேர்வு 862, சான்லிஸ். அங்கேயும் பயணி ஜூடித்துக்குக் காதலனாக வரக் கூடாது. அந்த இடம் பால்டுவினுக்கு உரியது. பயணி ஒரு பணிப்பெண்ணோடு மாறுவேட உடையைத் தைக்கலாம், ரோமாபுரிக்குப் போகும் கூட்டத்தில் குதிரையைப் பிடிக்கலாம். அவன் காதலிக்க வேண்டியது பெயரில்லாமல் வாழ்ந்த ஒருத்தியை. அவளுக்குப் பாப்பரசர் கடிதம் எழுதமாட்டார். ரௌகிங்கின் குடைந்த மரம் அவள் நினைவில் இருக்கும். அந்தக் காதல் நிறைவேறுமா என்ற கேள்வியில் வாசகர் உண்மையாகவே பதறுவார்.

மொழியும் அவனுக்கு எளிதில் வசப்படாது. 842இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இரண்டு அரசர்கள் படைகளின் முன் சத்தியம் செய்த சொற்களை வரலாற்றாசிரியர் நித்தார்ட் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒரு பகுதி பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்து வடிவம். இன்றைய பிரெஞ்சுக்காரரும் படிக்கத் திணறுவார். பயணி அங்கே வாய் திறப்பதற்கு முன் நீண்ட காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். காதலுக்கு அது நல்ல தொடக்கம்.

இந்தக் கதையை எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரெகோரியின் வரலாற்றையும் செயின்ட் பெர்தான் ஆண்டுக்குறிப்புகளையும் முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. உங்கள் நாயகனுக்கு நம் காலத்தின் மருந்தையும் அறிவையும் தாராளமாகக் கொடுங்கள். ராடெகுண்டும் ஜூடித்தும் தாமே எடுத்த முடிவை மட்டும் அவன் கையில் கொடுக்காதீர்கள்.